கோம்பைக்காட்டுத் துரை

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறைக்கு வண்டி ஓட்டியவர்கள் பெரும்பாலும் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் நின்றிருப்பார்கள். கீழே அணை, அதைத் தாண்டிச் சமவெளி, பக்கத்துச் சுவரில் வரையாடு. அந்த இடத்துக்கு லோம்ஸ் வியூ என்று பெயர். பாதை போட்ட வெள்ளைக்கார இஞ்சினியரின் பெயர் லோம் என்று சொல்வார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த வளைவுக்குப் போய்விடுவோம். 'லோம் என்றால் ஒருவகை மண்தானே, அது எப்படி மனுசனுக்குப் பேராச்சு?' என்று கேட்பவர்கள் குறைவு.

லோம் பிரிட்டனில் அரிதான குடும்பப் பெயர். அங்கே இந்தப் பெயரோடு முதலில் நினைவுக்கு வருகிறவர் கார்ன்வால் பகுதியின் லட்கவன் என்ற ஊரில் 1797இல் பிறந்த மைக்கேல் லோம். ஆழச் சுரங்கத்திலிருந்து ஏணியில் ஏறியே செத்துக்கொண்டிருந்த தொழிலாளிகளை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் ஒரு யந்திரத்தை 1842இல் டிரெசாவியன் சுரங்கத்தில் நிறுவியவர். அங்கே சுரங்க இஞ்சினியர் லோம், இங்கே மலைப்பாதை இஞ்சினியர் லோம். பெயர் ஒன்று, தொழிலும் கிட்டத்தட்ட ஒன்று. உடனே மனசு ஒரு கோடு போட்டு இரண்டையும் இணைக்கப் பார்க்கிறது. பெயர் ஒன்று என்பதற்காக உறவு என்று எழுதிவிட முடியாது. ஆனால் அந்தக் கோட்டைப் போட்டுப் பார்க்கும் ஆசையிலிருந்து பிரிட்டனில் ஒரு பெரிய எழுத்து வகையே வளர்ந்திருக்கிறது. அதைப் பற்றியும், அது ஏன் நம்ம மலையில் பாதியில் நின்றுபோகிறது என்பதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

பிரிட்டனில் ஒரே ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு, அது எந்த ஊரில் முளைத்தது, எந்த நூற்றாண்டில் எந்த மாவட்டத்துக்கு நகர்ந்தது, எங்கே அழிந்தது என்று ஆயுள் முழுக்கத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1979இல் இதற்கென்று ஒரு சங்கமே தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே, 1890இல், எச். பி. கப்பி என்பவர் ஒவ்வொரு கவுண்டியிலும் இருக்கும் விவசாயிகளின் பெயர்களை எண்ணி ஒரு புத்தகம் போட்டார். விவசாயிகள்தான் ஊரைவிட்டு அதிகம் நகராதவர்கள், அதனால் அவர்கள் பெயரே அந்த மண்ணின் பெயர் என்பது அவர் கணக்கு. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கணினிக்கு வந்த பிறகு எந்தப் பெயரையும் வரைபடத்தில் புள்ளிகளாகப் பார்க்க முடிகிறது. ஸ்மித், ஜோன்ஸ் மாதிரிப் பெயர்களுக்கு வரைபடம் முழுக்கக் கறுத்துப்போய் ஒன்றும் தெரியாது. அரிதான பெயர் என்றால், அது பிறந்த கிராமத்தைச் சுற்றி இன்னும் புள்ளிகள் குவிந்து கிடக்கும். டாப்ஸ்லிப்பில் தேக்கங்காட்டை மீட்டு அங்கேயே புதைக்கப்பட்ட ஹ்யூகோ வுட்டை இந்த முறையில் தொட முடியாது. வுட் என்ற பெயர் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறது. காட்டு அதிகாரிக்குக் காடு என்றே பெயர் அமைந்தது வெறும் தற்செயல்.

ஆனைமலையில் இந்த விளையாட்டுக்குச் சரியாக மாட்டுகிறவர் கேப்டன் சி. ஆர். டி. காங்கிரீவ். இந்த மலையில் தோட்டம் போட்ட முதல் தலைமுறைத் துரைகளில் ஒருவர். 1942இல் 'தி ஆனமலைஸ்' என்று ஒரு புத்தகமும் எழுதினார். காங்கிரீவ் என்பது ஊர்ப் பெயர். இங்கிலாந்தின் ஸ்டஃபோர்ட்ஷையரில், பெங்க்ரிட்ஜ் பக்கத்தில் உள்ள ஒரு குக்கிராமம். 1086இல் நார்மன் அரசன் எடுத்த டூம்ஸ்டே கணக்கிலேயே அந்த ஊர் பதிவாகியிருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'கும்ப்' என்றால் மலையிடைப் பள்ளம், 'கிரேவ்' என்றால் தோப்பு. பள்ளத்தில் இருக்கும் தோப்பு.

நம்ம ஊரில் மலையிடைப் பள்ளத்துக்கு என்ன சொல்வோம்? கோம்பை. கும்ப், கோம்பை. காதில் ஒட்டிக்கொள்கிறது இல்லையா? இதை வைத்து இங்கிலீஷ் தமிழிலிருந்து பிறந்தது என்று ஒரு யூடியூப் வீடியோ போட்டுவிடலாம். தயவுசெய்து வேண்டாம், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மொழிபெயர்ப்பாக எடுத்துக்கொள்ளலாம். காங்கிரீவ் துரை என்றால் கோம்பைக்காட்டுத் துரை. அப்படிச் சொன்னதும் அவர் திடீரென்று நமக்கு அந்நியர் இல்லாமல் போய்விடுகிறார். ஏனென்றால் கொங்கில் இன்றைக்கும் ஆட்களை அப்படித்தான் கூப்பிடுகிறோம். பள்ளத்தோட்டத்தார், மேக்காட்டார், புளியந்தோட்டத்து அப்புச்சி. ஓட்டர் கார்டில் இருக்கும் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தோட்டத்துப் பெயரைச் சொன்னால் வழிகாட்டுவார்கள். தோட்டத்தை விற்று லேஅவுட் போட்ட பிறகும் ஒரு தலைமுறைக்கு அந்தப் பெயர் ஓடும். இங்கிலாந்தில் பதினோராம் நூற்றாண்டுக்கும் பதினான்காம் நூற்றாண்டுக்கும் இடையில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். 'இன்ன ஊர்க்காரன்' என்று பிறர் கூப்பிட்டது, வரிக்கணக்கிலும் நிலப்பத்திரத்திலும் ஏறி, ஊரைவிட்டுப் போன பிறகும் மகனுக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது. நம் தோட்டப் பெயர் பத்திரத்தில் ஏறவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைவிட நெருக்கமான ஒன்றும் கொங்கில் இருக்கிறது. கூட்டப் பெயர். காடை, ஆந்தை, அந்துவன், பயிரன், ஓதாளன், தூரன் என்று கொங்கு வேளாளர்களிடையே வழங்கும் குலப்பெயர்கள். ஒரே கூட்டத்துக்குள் கல்யாணம் கிடையாது, எல்லோரும் பங்காளிகள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் காணி என்று ஊர்கள் உண்டு, அங்கே குலதெய்வக் கோயில் உண்டு. எந்தக் கூட்டத்துக்கு எது காணி என்று சொல்லும் காணிப்பாடல்களையும் செப்பேடுகளையும் தேடித்தேடித் தொகுத்தவர் ஈரோட்டுப் புலவர் செ. இராசு. அவருடைய தொகுப்புகளைப் புரட்டினால் ஒரு குடும்பப் பெயர் அட்லஸைப் புரட்டுகிற உணர்வே வருகிறது. ஸ்டஃபோர்ட்ஷையர் காங்கிரீவ்கள் எங்கே கிளம்பினார்கள் என்று கேட்பதும், 'உங்களுக்குக் காணி எதுங்க?' என்று கேட்பதும் ஒரே கேள்வி.

இந்தக் கூட்டப் பெயர்களில் ஒன்று மட்டும் எல்லைதாண்டி வெளியே போய்விட்டது. மொடக்குறிச்சி பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908இல் பிறந்த பெரியசாமி தன் கூட்டப் பெயரையே எழுத்துப் பெயராக வைத்துக்கொண்டார். பெரியசாமித் தூரன். தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளில் கொண்டுவந்தவர். சென்னை சபாவில் அவருடைய கீர்த்தனையைக் கேட்கிறவருக்குத் தூரன் ஒரு புனைபெயர். ஈரோட்டுப் பக்கம் அதைக் கேட்டதும், அவர் யாருக்குப் பங்காளி, யாருக்கு மாமன் மச்சான் என்று ஒரு முழுக் கணக்கு ஓடும். ஒரே சொல் இரண்டு ஊரில் இரண்டு வேலை செய்கிறது. தமிழில் ஒரு ஆள் தனியாக இங்கிலீஷ்காரன் மாதிரி ஒரு சர்நேமைக் கட்டிக்கொண்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

சரி, விமர்சனத்துக்கு வருகிறேன். இந்தப் பெயர் வரலாறுகளைத் தொடர்ந்து படித்தால் ஒரு நோய் கண்ணில் படும். இங்கிலாந்தில் எழுதுகிற ஆள் மூன்றாவது பக்கத்துக்குள் 1066க்குப் போய்விடுவார். தன் மூதாதை வெற்றிவீரன் வில்லியமோடு கப்பலில் வந்தவன் என்று சொல்ல வேண்டும் அவருக்கு. அதற்கென்றே 'பேட்டில் அபே பட்டியல்' ஒன்று இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் தங்கள் குடும்பப் பெயரை நுழைத்துக்கொண்டதால் ஆய்வாளர்கள் அதை நம்புவதில்லை. நம் கூட்ட வரலாற்றுப் புத்தகங்கள் மூன்றாவது பக்கத்துக்குக்கூடக் காத்திருப்பதில்லை, முதல் பக்கத்திலேயே சங்ககாலம். அந்துவன் கூட்டமா, அந்துவஞ்சேரல் இரும்பொறை. ஓதாளனா, ஓதலாந்தையார். பெயர் ஒன்றாக ஒலிக்கிறது என்பதே ஆதாரம். நடுவில் உள்ள ஆயிரத்தைந்நூறு வருசம் எங்கே போனது என்று கேட்டால் கல்யாண மண்டபத்தில் சாப்பாடு கிடைக்காது.

நோய் என்று சொன்னது வெறும் மிகைக்காக இல்லை. இரண்டு எழுத்தும் பெயரை ரத்தமாக நம்புகின்றன. மரபணு ஆய்வாளர் பிரையன் சைக்ஸ் 2000இல் தன் சொந்தப் பெயர்க்காரர்களையே சோதித்துப் பார்த்தார். தந்தை வழியில் இறங்கும் ஒய் குரோமோசோம், சைக்ஸ் என்ற பெயருள்ள ஆண்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களிடம் ஒரே மாதிரி இருந்தது. ஒரு மூதாதை இருந்திருக்கலாம் என்பதற்கு அது நல்ல சான்று என்றார் அவர். மீதிப்பேர்? எத்தனையோ தலைமுறையில் தத்தெடுத்தது, திருட்டுத்தனமாகப் பிறந்தது, மாமனார் வீட்டுப் பெயரைச் சூடிக்கொண்டது எல்லாம் அந்த மீதிக்குள் இருக்கிறது. எனக்கு அந்த மீதிதான் சுவாரசியம். இன்னொன்று, இந்த வரைபடங்கள் எதிலும் பெண் கிடையாது. காங்கிரீவ் வீட்டு மகள் கல்யாணம் ஆனதும் வரைபடத்திலிருந்து அழிந்துபோகிறாள். கூட்டத்திலும் அப்படியே, கட்டிக்கொடுத்தால் புருசன் கூட்டம். பிரான்சிஸ் கால்டனும் எச். டபிள்யூ. வாட்சனும் 1875இல் குடும்பப் பெயர்கள் எப்படி அழிகின்றன என்று கணக்குப் போட்டபோது மகன்களை மட்டுமே எண்ணினார்கள். போகப்போக எல்லாப் பெயரும் அழிந்துவிடும் என்று விடை வந்தது. அந்தக் கணக்கில் தப்பிருந்தது என்பது பின்னால் தெரிந்தது. கேள்வியில் பெண்ணே இல்லை என்பது தப்பாக யாருக்கும் படவில்லை.

ஆனாலும் இந்த எழுத்து வகையை ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனசு வரவில்லை. காங்கிரீவ் என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் எதிரே வருகிறவர்களைப் பாருங்கள். 1670இல் பிறந்த நாடகாசிரியர் வில்லியம் காங்கிரீவ், ஸ்டஃபோர்ட்ஷையர் ஸ்ட்ரெட்டன் வீட்டுப் பேரன், 'உலக நடப்பு' பற்றி 1700இல் ஒரு நாடகம் போட்டு அது அவ்வளவாக ஓடாமல் நாடகத்தையே விட்டவர். அடுத்து, ராக்கெட் காங்கிரீவ். இவரும் வில்லியம்தான். திப்புவின் படை வீசிய இரும்புக் குழாய் ராக்கெட்டுகள் 1799க்குப் பிறகு இங்கிலாந்துக்குப் போய்ச் சேர, அதை முன்மாதிரியாக வைத்து வுல்விச்சில் காங்கிரீவ் ராக்கெட் செய்தார். 1807இல் கோபன்ஹேகன் எரிந்தது அதில். அமெரிக்க தேசிய கீதத்தில் வரும் ராக்கெட்டும் அதுதான். அந்த 1799 வரை நம்ம கோயம்புத்தூர்ச் சீமை மைசூர் ஆட்சியில் இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ராஸ் பீரங்கிப்படை கேப்டன் ஹென்றி காங்கிரீவ் 1847இல் நீலகிரித் தொல்பொருட்களைப் பற்றி நீளமாக எழுதினார். தோடர்கள் மத்திய ஆசியச் சித்தியர்களின் வாரிசுகள் என்பது அவர் முடிவு. தன் வேர் ஒரு ஆங்கிலக் குக்கிராமத்தில் இருப்பதைப் பெயரிலேயே சுமந்துகொண்டு, பக்கத்து மலைக்காரனின் வேரை ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் கொண்டுபோய் நட்டார்.

இதற்குப் பத்து வருசம் கழித்து, சிப்பாய்கள் எழுந்த 1857இல், லண்டனில் இன்னொரு காங்கிரீவ், தத்துவ ஆசிரியர் ரிச்சர்ட், 'இந்தியா' என்று ஒரு சிறு நூல் எழுதினார். இந்தியாவை ஆள இங்கிலாந்துக்கு உரிமையில்லை, வெளியேற வேண்டும் என்று. அந்த வருசத்தில் அதை எழுத எவ்வளவு தைரியம் வேண்டும்! பெயர் வரலாறுகள் வீரர்களைப் பற்றி விரிவாக எழுதும். தந்தை வால்டர், மகன் வில்லியம் என்று இரண்டு காங்கிரீவ்கள் விக்டோரியா சிலுவை வாங்கியதும், மகன் 1916இல் சொம் போரில் செத்ததும், இன்னொரு மகனுக்கு 1927இல் தரப்பட்ட பட்டம் அவர் 1941இல் போரில் செத்ததோடு முடிந்ததும் பக்கம்பக்கமாக வரும். ரிச்சர்ட் ஒரு அடியில் போய்விடுவார். ஒரே பெயருக்குள் ராக்கெட் செய்தவனும் வெளியேறு என்றவனும் இருக்கிறார்கள், பெயர் எதையும் முடிவு செய்யவில்லை என்பதுதான் இந்தப் பட்டியலிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

இனி மறுபடி மலைக்கு. கேப்டன் காங்கிரீவைப் பெயரைப் பிடித்து 1086 வரை கொண்டுபோய் விடலாம். அதே சரிவில் காடு வெட்டி, குழி போட்டு, தேயிலை நட்டவர்களை எங்கே கொண்டுபோவது? திருநெல்வேலி, ராமநாதபுரம், சேலம், கோயம்புத்தூர்ச் சமவெளி, மலையாளம் என்று பல திசையிலிருந்தும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி மலையேறியவர்கள். பெரும்பாலும் தலித்துகள். எஸ்டேட்டின் செக்ரோலில் அவர்களுக்கு ஒரு எண், ஒரு பெயர், எந்த மேஸ்திரி ஆள் என்ற குறிப்பு. ஊரையும் தகப்பனையும்விட முன்பணக் கடன்தான் அங்கே முக்கியம். 1859இன் ஒப்பந்த மீறல் சட்டம் ஓடிப்போன கூலியைப் பிடிக்க உதவியது. ஒரு ஆளை அடையாளம் காண வேண்டிய தேவை அரசுக்கும் கம்பெனிக்கும் வந்தது அப்போது மட்டும்தான்.

அவர்களுக்கு வகையறாவோ குலதெய்வமோ இல்லை என்று அர்த்தமில்லை. உண்டு. வருசத்துக்கு ஒருமுறை மலையிறங்கிப் போய்க் கிடா வெட்டிவிட்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. அதற்குச் செப்பேடு இல்லை, காணிப்பாடல் இல்லை, எண்ணிப் புத்தகம் போட கப்பி இல்லை. இலங்கை மலையகத்தில் 'பேர்' என்ற சொல் என்ன ஆயிற்று என்று தெரியுமா? ஒரு நாள் கூலிக்கே பேர் என்று பெயர். பாதி நாள் வேலைக்கு 'அரைப்பேர்'. செக்ரோலில் பெயருக்கு நேரே கோடு விழுந்தால்தான் சம்பளம் என்பதால், பெயரும் சம்பளமும் ஒரே சொல்லாகிவிட்டன. கொழுந்து எடை குறைந்தால் ஒரு பெண் அன்றைக்கு அரைப்பேரோடு வீட்டுக்கு வருவாள். இந்தச் சொல்லை முதலில் கேட்டபோது எனக்குக் கொஞ்ச நேரம் வேறெதுவும் ஓடவில்லை.

ஆனைமலையில் இவர்களுக்குக் கிடைத்த ஆவணம் ஒரு நாவல். எஸ்டேட்டில் மருத்துவராக வேலை பார்த்து, பிறகு தொழிற்சங்கம் கட்டிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ'. கோவைக்காரரான இரா. முருகவேள் அதை 2007இல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். பாலாவின் 'பரதேசி' 2013இல் இதிலிருந்து வந்தது. நம்மில் பலர் படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவர்கள். இலக்கிய விமர்சகர்கள் இந்த நாவலைத் தட்டையான நடை, பாத்திரங்களுக்கு உள்ளே போகவில்லை, அறிக்கை மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கிப் பேசக் கேட்டிருக்கிறேன். அறிக்கை மாதிரி இருப்பது உண்மைதான். அதைத்தான் அதன் பலமாக நான் பார்க்கிறேன். முன்பணம் எவ்வளவு, கடன் எப்படி ஏறுகிறது, காய்ச்சல் எப்படிக் கொல்கிறது என்று ஒரு டாக்டர் நோயாளிச் சீட்டு எழுதுவது போல அது எழுதிக்கொண்டே போகிறது. ஒரு குடும்பப் பெயர் ஆய்வாளன் செய்ய முடியாத வேலையை, அதாவது இன்ன ஊரில் கிளம்பிய இன்னார் இங்கே எப்படி வந்துசேர்ந்தார் என்ற பாதையை, கருப்பனையும் வள்ளியையும் கற்பனை செய்து அது போட்டுக் காட்டுகிறது. ஆவணம் இருந்திருந்தால் கற்பனை தேவைப்பட்டிருக்காது.

ஆனால் ஒரு இடத்தில் எனக்கு இந்த நாவலோடு சண்டை இருக்கிறது. கருப்பன், வள்ளி. இரண்டும் யாராகவும் இருக்கக்கூடிய பெயர்கள். எல்லோருக்கும் பொதுவான கதை என்று காட்டத்தான் டேனியல் அப்படி வைத்திருப்பார். செக்ரோலும் அவர்களை அப்படித்தான் வைத்திருந்தது, ஒன்றுபோல் இன்னொன்றாக. அம்மா வழியில் யார், எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள், அந்தச் சாமி பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்களா என்ற பக்கம் நாவல் அதிகம் போவதில்லை. மலையேறும்போது ஒருவர் எதையெல்லாம் இழக்கிறார் என்று சொல்லும்போது, நிலமும் ஆரோக்கியமும் அதில் வருகின்றன. பெயரைச் சுற்றியிருந்த ஆட்கள் குறைவாகவே வருகிறார்கள்.

தொழிலாளிகளும் துரைகளுக்கு இதைத் திருப்பிச் செய்தார்கள் என்பது எனக்குப் பிடித்த விசயம். லைன் வீட்டுப் பேச்சில் காங்கிரீவும் கிடையாது, மார்ஷும் கிடையாது. பெரிய துரை, சின்ன துரை. அவ்வளவுதான். ஆயிரம் வருசத்து ஸ்டஃபோர்ட்ஷையர் பெயர் ஆழியாற்றுக்கு மேலே ஏறியதும் பதவிப் பெயராகச் சுருங்கிவிட்டது. மலைப்பாதையில் கார்வர் மார்ஷுக்குச் சிலை இருக்கிறது, அதில் முழுப்பெயர் இருக்கும். வாயில் இருந்தது துரைதான்.

பெயருக்குப் பின்னால் வால் வேண்டாம் என்று தமிழ்நாடு முடிவெடுத்த கதையையும் இங்கே சேர்க்க வேண்டும். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. கொங்கிலும் கவுண்டர் என்ற வால் பள்ளிக்கூட ரிஜிஸ்டரிலிருந்து மெல்ல மறைந்தது. இன்றைக்கு நம் எல்லோருக்கும் ஒரு இனிஷியல், அப்பா பெயரின் முதல் எழுத்து, அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். குடும்பப் பெயர் அட்லஸ் போடுகிறவனுக்கு இது பெரும் நஷ்டம். எனக்கு அதில் வருத்தமில்லை. காகிதத்தில் மறைந்த பெயர் புழக்கத்தில் மறையவில்லை என்பதில்தான் வருத்தம். 'எந்தக் கூட்டமுங்க?' என்று மரியாதையாகக் கேட்பார்கள். பதில் சொல்லத் தெரிந்தால் உள்ளே, முழித்தால் அடுத்த கேள்வி ஊர், அதற்கடுத்தது தெரு. காணிப்பாடல்களை மண்ணின் வரலாறு என்று சிலாகிக்கும் நண்பர்கள் இந்த மூன்று கேள்விகளின் வரிசையையும் அந்த வரலாற்றில் சேர்த்து எழுத வேண்டும். புலவர் இராசு தொகுத்ததை ஒரு ஆய்வாளன் சாதிப்பெருமை இல்லாமல் வாசிக்க முடியும். வாசித்துமிருக்கிறார்கள். பிரெண்டா பெக் 1972இல் வெளியிட்ட கொங்கு பற்றிய ஆய்வில், கூட்டங்களைப் பற்றிப் பேசும்போது கூடவே அந்தக் கிராமத்தில் யார் யாரிடம் என்ன வாங்கிச் சாப்பிடுவார்கள் என்பதையும் எழுதினார். அந்தக் கூடவே நம் புத்தகங்களில் இல்லை.

இப்போது எஸ்டேட் லைன்கள் காலியாகிக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிவிட்டார்கள். தேயிலைக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஆள் வருகிறது. இறங்கியவர்களில் கொஞ்சப்பேர் கடல்தாண்டியும் போகிறார்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் சர்நேம் என்று ஒரு கட்டம் இருக்கும். நிரப்ப வேறொன்றும் இல்லாததால் அப்பா பெயரைப் போடுவார்கள். பிறகு அங்கேயே குழந்தை பிறந்தால் அதற்கும் அதே பெயர்தான் கடைசியில் ஒட்டும், பேரனுக்கும் ஒட்டும். செக்ரோலில் ஒற்றைப் பெயராக நின்ற ஒரு கருப்பன் இப்படித்தான் ஏதோ ஒரு நாட்டின் பள்ளிக்கூட அட்டெண்டன்ஸில் குடும்பப் பெயராகிறான்.